நாலு நாள் கணக்கும் வெள்ளைச் சாமந்தியும்

பான்,
9 நவம்பர் 1927, புதன் மாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நானும் அப்பாவும் நலம். கீல் நகரில் நீயும் ஒட்டிலி பெரியம்மாவும் நலந்தானே? நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அப்பாவுக்காக வக்காலத்து வாங்கமாட்டேன். அவரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும் இடங்களையும் விடமாட்டேன்.

பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முந்நூறு நாற்காலிக்கு நான் ஒருத்திதான் கூட்டம். வரும் சனிக்கிழமை அப்பாவின் பதவியேற்பு உரை, இன்று ஒத்திகை. பதினான்கு வருடம் வெறும் விரிவுரையாளராக இருந்து, ரோமானிய நாள்காட்டியைப் பற்றி அறுநூறு பக்கம் எழுதி நாலு வாசகர்களைச் சம்பாதித்தவர், ஒருவழியாகப் பேராசிரியர் ஆகிவிட்டார். ஆனால் வீட்டில் இன்னும் கேக் வெட்டவில்லை. உன் அஞ்சலட்டை வந்த பிறகு அவர் ஒழுங்காகச் சாப்பிடுவதே இல்லை.

அதை நான்தான் உரக்க வாசித்தேன். சென்ற வியாழக்கிழமை நீ இங்கே ரயிலில் வந்து இறங்கியபோது உன்னை அழைத்துப்போக ஒருவரும் இல்லை என்றும், சுமைதூக்கும் லூப்பனிடம் அப்பாவைப் பற்றி விசாரித்தபோது, "பாவம்மா அவரு, சம்சாரம் தவறிட்டாங்க" என்று சொன்னார் என்றும், செத்துப்போனவளுக்கு வீடு எதற்கு என்று அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். அப்பா வெளுத்துப்போய், "நான் யார்கிட்டயும் அப்படிச் சொல்லலையே!" என்றார். நான் நேரே ரயில் நிலையம் போனேன்.

லூப்பன் சொன்னது இது. "அது புதன்கிழமை பாப்பா, கல்லறைத் திருநாள். உங்கப்பா கறுப்புக் கோட்டு, கையில ஒரு கட்டு வெள்ளைச் சாமந்தி. ரெண்டு மணிக்கு வந்தவரு கடைசி வண்டி வரைக்கும் நின்னாரு. யாருக்குங்க பூன்னு கேட்டேன். என் மனைவிக்குன்னாரு. எப்ப ஆச்சுங்கன்னேன். இன்னிக்கு வரணும், இன்னும் வரலைன்னாரு. துக்கத்துல புத்தி தடுமாறிப் பேசுறாருன்னு நெனச்சு நானே ஒரு பிராந்தி வாங்கிக் குடுத்தேன்."

இந்தக் கத்தோலிக்க ஊரில் வெள்ளைச் சாமந்தி கல்லறைக்கு மட்டுமே போகும் என்று உனக்குத் தெரியும். அப்பா வடக்கத்திப் புராட்டஸ்டண்டுக்காரர். அவருக்கு அது அழகான பூ, அன்று கடையில் கிடைத்த ஒரே பூ. பிளாட்பாரத்தில் போனவர் வந்தவரெல்லாம் அவரைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்களாம். வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னிடம் சொன்னார்: "எனக்கு வேலை கிடைச்சது ஊர் பூரா தெரிஞ்சிருக்கு!"

புதன்கிழமை ஏன் போனார் என்று கேட்பாய். நீ ஞாயிற்றுக்கிழமை தந்தி அடித்தாய், நாலு நாளில் வருகிறேன் என்று. அப்பா விரல் விட்டுக் காட்டினார்: "ஞாயிறு ஒண்ணு, திங்கள் ரெண்டு, செவ்வாய் மூணு, புதன் நாலு. இதுல என்ன தப்பு?"

"நீங்க ரோமானியர் மாதிரி முதல் நாளையும் சேர்த்து எண்ணுறீங்கப்பா."

"அப்படி எண்ணித்தான் அவங்க உலகத்தையே ஆண்டாங்க."

"ஆண்டாங்க, சரி. அவங்க யாரையும் ஸ்டேஷன்ல கூப்பிடப் போகலையே!"

அப்பா அடுப்படியில் போய் உட்கார்ந்து, ஆறிப்போன உருளைக்கிழங்கு அடையில் மூன்றைத் தின்றார்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் எழுத வேண்டும். வியாழக்கிழமை நீ பிளாட்பாரத்தில் நின்ற நேரத்தில் அப்பா எழுதுமேஜையில்தான் இருந்தார். உனக்கு வர மனமில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அன்று முழுக்க ஒரு வரி எழுதவில்லை. சாமந்தியை மட்டும் தண்ணீர் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது என் பக்கத்து நாற்காலியில் உன் சாம்பல்நிறக் கையுறைகளை வைத்திருக்கிறார். மண்டபக் காவலாளி வந்து, "ஐயா, இது துறைத்தலைவர் வீட்டம்மா உட்கார்ற இடம்" என்றார். அப்பா, "அவங்க ரெண்டாவது வரிசையில உட்காரட்டும். இது என் மனைவிக்கு" என்றார். காவலாளி என் காதருகே குனிந்து, "அவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். அனுதாபக் கடிதங்களும் ஐந்து வந்திருக்கின்றன அம்மா. ஒன்று என் லத்தீன் ஆசிரியை எழுதியது. எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், உன்னைப் பற்றி மிக நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

உரையின் தொடக்கத்தை அப்பா மாற்றிவிட்டார். சற்று முன்பு வெற்று நாற்காலிகளைப் பார்த்து இப்படிப் படித்தார்: "மதிப்பிற்குரியோரே, ரோமானியர் முதல் நாளையும் சேர்த்து எண்ணினார்கள். அதனால் என்ன கெடுதல் வரும் என்பது எனக்குப் பதினான்கு ஆண்டுகளாகப் புரியவில்லை. சென்ற வியாழக்கிழமை புரிந்தது." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதுக்கு அம்மா சிரிப்பாளா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? வந்தால் தெரியும் என்றேன்.

இந்தக் கடிதம் விரைவு அஞ்சலில் நாளை உன் கைக்குச் சேரும். வெள்ளிக்கிழமை மார்ட்டின் திருநாள். பிள்ளைகள் காகித விளக்குகளோடு தெருவில் வரும் நாள். அந்த நாளின் மாலை வண்டியில் வா. நாட்களை எண்ண வேண்டாம். நாங்களும் எண்ணப்போவதில்லை, வியாழனும் வந்து நிற்போம், வெள்ளியும் நிற்போம், சனி காலையும் நிற்போம். பூ கொண்டுவரமாட்டோம். நீ உயிரோடுதான் இருக்கிறாய் என்று லூப்பனிடம் சொல்லிவிட்டேன். "எதுக்கும் அவங்களே வந்து சொல்லட்டும் பாப்பா" என்கிறார்.

உரைக்கான முதல் படத்தைத் திரையில் காட்டச் சொல்லி அப்பா கையை உயர்த்திவிட்டார். காவலாளி விளக்கு சுவிட்ச் அருகே போகிறார். கையுறைகள் சில்லென்று இருக்கின்றன, என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

உன் அன்பு மகள்,
இர்ம்ஹில்ட்

விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.