கொடிக்கு உடல் என்ன நிறம்?

15 ஆகஸ்டு 1970, சனி

காலையில் எதிர்வீட்டு ரேடியோவில் தேசிய கீதம். தறியில் ராஜவேலு நாடாவைப் பாவு நூலின்மேல் அப்படியே வைத்துவிட்டு விறைப்பாக எழுந்து நின்றான். அவன் எழுந்த வேகத்தில் தறிப்பலகை ஆடியதில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் முழுக்க நிலநடுக்கம்.

"மாமா, எழுந்திரு."

"என் கால் ரெண்டும் குழியில நின்னுக்கினுதான்டா இருக்குது. இடுப்புக்கு மேலதான் உட்கார்ந்திருக்கேன்."

சிரிக்கவில்லை. பாட்டு முடிந்து உட்கார்ந்த பிறகு சிரித்தான். சிரிப்பைக்கூட வரிசையில் நிற்கவைக்கிறவன்.

ராஜவேலு என் மனைவி பெரியநாயகியின் தம்பி, என் மச்சான். பத்தொன்பது வருஷமாக ஒரே தறியில் நாங்கள். உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோக்கும் கோர்வைப் புடவைக்கு, ஊடுநூலை ஓட்டும் நாடா மூன்று: என் பக்கத்துக் கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, அவன் பக்கத்துக் கரைக்கு ஒன்று. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து மிதி மிதிப்பது நான். உடல் நாடா அந்தக் கோடிக்குப் போனதும் அவன் தன் கரை நூலை அதோடு கோத்துத் திருப்பி அனுப்புவான். ஒரு ஆள் குறைந்தால் கோர்வை இல்லை.

அடுத்த பாவு தில்லையம்மாளுக்கு. ராஜவேலுவின் மகள். நவம்பர் எட்டு கல்யாணம். அரக்கு உடல், பச்சைக் கரை. ஊருக்கெல்லாம் நெய்த கைகள் முதல்முறையாக வீட்டுப் பெண்ணுக்கு நெய்யப்போகின்றன. இன்னும் ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பேசப்படும் புடவை என்று பிரகடனம் செய்தேன்.

"முகூர்த்தத்துக்கு வந்து சேர்ந்தா போதும்" என்றாள் பெரியநாயகி.

30 ஆகஸ்டு, ஞாயிறு

படிப்பகத்தில் பேப்பருக்கு அடிதடி. நம் மாநிலத்துக்குத் தனிக்கொடி வேண்டுமாம். டெல்லியில் படமே காட்டியாகிவிட்டதாம். ஒரு மூலையில் மூவர்ணம், எதிர்மூலையில் கோபுரம். ஒருவர் "இதுதான் மானம்" என்கிறார். இன்னொருவர் "இதுதான் நாடு உடையும் முதல் விரிசல்" என்கிறார். இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் தொல்லை.

ஆனால் எங்கள் தெருக்காரர்கள் கேட்ட கேள்வி வேறு: "உடல் இன்னா கலரு?"

பேப்பரில் படம் கறுப்பு வெள்ளை. சாயக்காரர் ஆதிகேசவன் கண்ணாடியைக் கழற்றி, படத்தை மூக்கில் ஒட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சாம்பல் வெங்காயத்தோல் கலர்லதான்பா வரும்" என்று தீர்ப்பு சொன்னார். இன்னொருவர் மாம்பழ மஞ்சள் என்றார். கரையும் இல்லை, முந்தானை எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை என்று எல்லாருக்கும் வருத்தம்.

இந்தக் கொடியை நெய்யச் சொல்லி எனக்குத் தந்தி வந்திருப்பதாகச் சொல்லிவைத்தேன். மூன்று பேர் நம்பினார்கள்.

31 ஆகஸ்டு

ஏழு பேர் நம்புகிறார்கள்.

4 செப்டம்பர், வெள்ளி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பதினொன்று. (வீட்டுக் கணக்கில் ஆறு.)

கொடியில் இருக்கும் கோபுரம் எது என்பதில் பெரிய காஞ்சிபுரமும் சின்ன காஞ்சிபுரமும் முறைத்துக்கொண்டிருக்கின்றன. ஆதிகேசவன் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். சந்தேகமே இல்லை, எங்கள் வரதர் கோபுரம் என்கிறார். பெரிய காஞ்சிபுரத்துக்காரன் நான், எங்கள் சிவன் கோயிலை விட்டுக்கொடுக்க முடியுமா? ஒரு மணி நேரம் கத்தினேன். வீட்டுக்கு வந்து பேப்பரை மறுபடி பார்த்தேன். எந்த ஊர்க் கோபுரமாகவும் இருக்கலாம். பெருவிரல் ரேகை மாதிரி இருக்கிறது.

திருஞானசம்பந்தம் வாத்தியார் வந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இருபதாம் தேதி பட்டிமன்றமாம்: "மாநிலத்துக்குத் தனிக்கொடி தேவையா?" தேவை என்று பேச வேண்டும் என்றார். சரி என்றேன். அவர் போனதும் ஆதிகேசவன் வந்து, தேவையில்லை என்று பேச வேண்டும் என்றார். சரி என்றேன். இரண்டு பக்கமும் நம்மைக் கேட்கும்போது ஒரு பக்கத்தை ஏமாற்றுவது பண்பா?

13 செப்டம்பர், ஞாயிறு

ஆவணி முடிவதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்று இன்று தில்லையின் புடவையைத் தொடங்கிவிட்டோம். முதல் நாடாவைத் தில்லையே தொட்டுக் கொடுத்தாள்.

மாலை படிப்பகத்தில், இரண்டு பக்கத்துக்கும் சரி சொன்ன என் குட்டு உடைந்தது. வாத்தியார் கோபிக்கவில்லை, சீட்டுக் குலுக்கிப் போட்டார். எனக்குத் "தேவை" விழுந்தது. "தேவையில்லை" பக்கம் பேச ஆள் இல்லாமல் போயிற்று. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நான் பேசறேன்."

ராஜவேலு! பத்தொன்பது வருஷத்தில் அவன் சேர்த்துப் பேசிய வார்த்தைகளை ஒரு தம்ளரில் பிடித்துவிடலாம்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டான். "மாமா, நெஜமா நீ இன்னா நெனைக்கிற? கொடி வேணுமா, வேணாமா?"

"சீட்டுல விழுந்ததை நெனைக்கிறேன்."

இதற்கு அவன் சிரிக்கவில்லை.

19 செப்டம்பர்

குழியில் உட்கார்ந்தபடியே ஒத்திகை. பல்லவர் கப்பற்படையில் யானைகளின் எண்ணிக்கையை நாற்பதாயிரமாக உயர்த்தியிருக்கிறேன். ராஜவேலு தலைகுனிந்து நூல் கோத்துக்கொண்டிருந்தான். அவன் என்ன பேசப்போகிறான் என்று கேட்டேன். "கொஞ்சம்தான்."

20 செப்டம்பர், ஞாயிறு

வென்றேன்.

எண்ணூறு பேர். (எண்பது என்று வைத்துக்கொள்ளலாம்.) ராஜவேலு இரண்டு நிமிஷம் பேசினான். "கொடிக்குக் கீழ நிக்கும்போது எந்த ஊருன்னு ஒருத்தனும் கேக்கக்கூடாது. ரெண்டு கொடி ஆச்சுன்னா கேப்பாங்க. எனக்கு அவ்ளோதான் தெரியும்." உட்கார்ந்துவிட்டான். கூட்டம் கைதட்டவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் யாரும் இருமவும் இல்லை.

பிறகு நான். யானைகள் போயின, கப்பல்கள் போயின. அப்புறம் கோர்வையை எடுத்தேன். "உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். அதனால் புடவை இரண்டாகிவிட்டதா? பிடித்து இழுத்துப் பாருங்கள், உடல் கிழிந்தாலும் கோர்வை கிழியாது! மூவர்ணத்தோடு நம் கொடியைக் கோத்தால் நாடு எப்படிக் கிழியும்?" கூரை பறந்தது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். கைதட்டு அடங்கப்போகிறதே என்று இருந்தது. அதனால்—

எழுதத்தான் வேண்டும்.

"என் மச்சான் பேசினார், பாவம். பத்தொன்பது வருஷமா என் பக்கத்துல உட்கார்ந்து நாடா வாங்கிப் போடுற பையன். அவருக்கு ஒரு கரைதான் தெரியும்!"

சிரித்தார்கள். ஐயோ, என்னமாய்ச் சிரித்தார்கள். மற்ற தறிகளில் அந்த இடத்தில் பத்து வயதுப் பிள்ளைகளை உட்காரவைப்பார்கள். ராஜவேலுவுக்கு நாற்பத்திரண்டு வயது. மூன்றாவது வரிசையில் தில்லையின் மாப்பிள்ளை வீட்டார். அவர்களும் சிரித்தார்கள்.

எனக்குத் துண்டு போர்த்தினார்கள். திரும்பிப் பார்த்தபோது அவன் நாற்காலி காலி.

21 செப்டம்பர், திங்கள்

வரவில்லை.

22 செப்டம்பர்

வரவில்லை. புடவை ஒன்றேகால் கஜத்தில் நிற்கிறது. பெரியநாயகி சோறு போட்டாள். அந்தத் துண்டால் அடுப்பு மேடையைத் துடைத்திருக்கிறாள்.

26 செப்டம்பர், சனி

ஆள் அனுப்பினேன். செவிலிமேட்டில் ஒரு தறியில் சாதாப் புடவை நெய்யப் போகிறானாம். சாதாப் புடவைக்கு ஒரு ஆள் போதும்.

எனக்கு மட்டும் கை இல்லையா? தனியாகவே கோர்வை போடுகிறேன் என்று உட்கார்ந்தேன். மிதித்து, வீசி, குழியிலிருந்து காலைத் தூக்கி, பலகையில் நகர்ந்து அந்தக் கோடிக்குப் போய், நூல் கோத்து, திரும்பி நகர்ந்து, மறுபடி மிதித்து... பூமியை ஒரு சுற்று சுற்றியிருப்பேன். நெய்தது அரை விரற்கடை. பச்சைக்கும் அரக்குக்கும் நடுவே சந்து. அதற்குள் சுண்டு விரலை விடலாம்.

நெய்ததைப் பிரித்துவிட்டேன்.

இதில் ஒன்று புரியவில்லை. நான் சொன்ன கட்சி சரியா, தப்பா? அவன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி என்றால் தறி ஏன் நிற்கிறது?

2 அக்டோபர், வெள்ளி

பள்ளிக்கூடத்தில் காந்தி ஜெயந்தி விழா. இப்போதெல்லாம் தொடக்கத்தில் தமிழ் வாழ்த்துப் பாட்டு, முடிவில் தேசிய கீதம். வாழ்த்துப் பாட்டுக்கு எழுந்திருப்பதா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. பாதிப்பேர் எழுந்தார்கள், பாதிப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாதியளவு எழுந்தேன். பாட்டு முடியும்வரை நாற்காலிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

நாலு வரிசைக்கு முன்னால் ராஜவேலு. வாழ்த்துப் பாட்டுக்கும் விறைப்பாக நின்றான், கீதத்துக்கும் அப்படியே. தனிக்கொடி வேண்டாம் என்றவன் தமிழ்ப் பாட்டுக்கு நிற்கிறான். வேண்டும் என்று வென்றவன் அந்தரத்தில் தொங்குகிறேன்.

வெளியே வரும்போது கூப்பிட்டேன். "மச்சான்." காது கேட்காதவன் மாதிரி போய்விட்டான்.

9 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. தறியைக் கழுவி, மூன்று நாடாவையும் வாழையிலையில் வைத்தாள் பெரியநாயகி. இரண்டுக்கு நான் சந்தனம் வைத்தேன். மூன்றாவதை எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

"அது எங்க தம்பியோடது. அவன் பொட்டு வெக்காம நான் கற்பூரம் ஏத்த மாட்டேன்."

"அவன் வரமாட்டேங்கிறானே?"

"நீங்க போனீங்களா? ஆளுதானே அனுப்பினீங்க?"

போனேன். வழியெல்லாம் ஒரு பேச்சு தயார் செய்தேன். மன்னர்கள் பகை மறந்து தழுவிக்கொண்ட ஏழு நிகழ்ச்சிகள். தில்லை கதவைத் திறந்தாள்.

"வாங்க மாமா. பெருசா பேசாதீங்க, அப்பா சாப்டுக்கினு இருக்கார்."

ஏழு மன்னர்களும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

ராஜவேலு தலை நிமிரவில்லை. நானும் தரையில் உட்கார்ந்தேன். அவனே பேசினான்.

"அந்தக் கோர்வைப் பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு மாமா. எனக்கே, சரிதானோன்னு ஆயிடுச்சு. கோர்வையைத் தூக்கிப் பேசிட்டு, கோக்குறவனை ஏன் அப்படி எறக்கிப் பேசின?"

தில்லை கொண்டுவந்து வைத்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அவன் தொடர்ந்தான்.

"சம்பந்தி வீட்ல கேக்கறாங்க. 'மாப்பிள்ளையோட மாமனாருக்குத் தறியில இன்னா வேலை'ன்னு. தில்லை உள்ள போய் உட்கார்ந்துக்கினா."

"தப்புடா. நான் பண்ணது தப்பு."

"சரி. இப்பவாவது சொல்லு. உனக்குக் கொடி வேணுமா, வேணாமா?"

"தெரியலைடா ராஜவேலு. சத்தியமா தெரியலை."

முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். "இதை மேடையில சொல்லியிருக்கலாம்." கையைக் கழுவினான். "நாளைக்கு விஜயதசமி. வரேன். ஆனா—"

"நீ குழியில உட்காரு" என்றேன். "நான் உன் பக்கம் உட்கார்றேன்."

இதை வழியில் தயார் செய்யவில்லை. எங்கிருந்து வந்தது என்றும் தெரியவில்லை.

அவன் வந்து பொட்டு வைத்துவிட்டுப் போன பிறகுதான் எங்கள் வீட்டில் கற்பூரம் எரிந்தது.

10 அக்டோபர், சனி

அவன் குழியில், நான் கரைப்பக்கம். பத்து வயதுப் பிள்ளைகள் செய்யும் வேலை என்றேனே, அந்தப் பிள்ளைகளின் காலில் விழ வேண்டும். இழுத்தால் சுருங்குகிறது, விட்டால் தொங்குகிறது. "மெதுவா மாமா", "இறுக்காத மாமா", "மாமா, பேசாத." இந்த மூன்றும் இன்று இருநூறு தடவை. (உண்மையிலேயே எண்ணினேன். இருநூற்றுப் பதினொன்று.)

11 அக்டோபர்

மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். தறியில் குழியில் உட்காருகிறவர் ராஜவேலு, பக்கத்தில் நாடா வாங்கிப் போடுகிற பையன் நான் என்று சொன்னேன். சம்பந்தி என் தலை நரையைப் பார்த்தார். "வந்து பாருங்க" என்றேன். சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

17 அக்டோபர்

இன்று ஒரு கஜம். ராஜவேலுவின் திட்டு இருநூற்றுப் பதினொன்றிலிருந்து நாற்பதாகிவிட்டது.

28 அக்டோபர், புதன்

நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தோம். ஒன்றேகால் கஜத்துக்குப் பக்கத்தில் வலப்பக்கக் கரை ஒரு சாண் நீளத்துக்குப் பாம்பு மாதிரி நெளிகிறது. கை மாறிய இடம். பிரித்து நெய்ய நாள் இல்லை. தில்லை அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கொசுவத்துல மடிச்சிக்கறேன் மாமா. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"அப்போ நீங்க பாக்காதீங்க."

8 நவம்பர், ஞாயிறு

கல்யாணம். பார்த்தேன். மடித்துத்தான் இருந்தது. தாலி கட்டும்போது ராஜவேலு அழுதான். நான் அழவில்லை, புகை. நாற்பதாயிரம் யானைகள் அளவுக்குப் புகை.

13 டிசம்பர்

கொடியைப் பற்றிப் பேப்பரில் ஒரு வரி இல்லை. படிப்பகத்தில் கேட்டேன். "எந்தக் கொடி?" என்றார் ஆதிகேசவன். உடல் என்ன நிறம் என்று கடைசிவரை தெரியாமலே போகும்போல.

26 ஜனவரி 1971, செவ்வாய்

புதுப் பாவு. நீல உடல், மஞ்சள் கரை. முதலாளி வீட்டு ஆர்டர். இடத்தை மறுபடி மாற்றிக்கொள்ளலாமா என்று ராஜவேலு கேட்டான். இன்னும் ஒரு பாவு போகட்டும் என்றேன். பேசாமல் இருந்தால் கை ஓரளவு நேராக வருகிறது.

எதிர்வீட்டு ரேடியோவில் டெல்லி அணிவகுப்பு. தேசிய கீதம் தொடங்கியதும் நாடாவைப் பாவின்மேல் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். எதற்காக என்று இப்போதும் தெளிவாகச் சொல்லத் தெரியாது. எழுந்துவிட்டேன், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் ராஜவேலு உட்கார்ந்திருக்கிறான்.

"டேய், எழுந்திரு."

"என் கால் ரெண்டும் குழியில நின்னுக்கினுதான் மாமா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே, குழியிலிருந்து காலை எடுத்துப் பலகையில் ஊன்றி எழுந்து, பக்கத்தில் வந்து நின்றான்.

பாட்டு முடியும்வரை இருவரும் சிரிக்கவில்லை.