எந்தக் கூடை நம்முடையது

மேடம்,

போன ஞாயிற்றுக்கிழமை கூடைப்பந்து ஆட்டத்தில் மறுபடியும் அதே தப்பைச் செய்தேன். இடைவேளை முடிந்த முதல் நிமிடத்தில் பந்து கூடைக்குள் விழுந்தது. எழுந்து நின்று கைதட்டி, "அப்படிப் போடு" என்று கத்தினேன். கேலரியில் நம் பக்கத்தில் வேறு யாரும் தட்டவில்லை. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும் என்று ஏழு வருடமாகத் தெரியும். இருந்தும் எதிரணிக்குக் கைதட்டிவிட்டேன்.

கீழே பெஞ்சில் ஒரு பெண்ணின் கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்த என் மகள் ஷாலினி நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். வலி ஸ்ப்ரே வாசனை மேலே வந்தது. கூடவே நீங்களும்.

அவள் இப்போது துணைப் பயிற்சியாளர், மேடம். நீங்கள் பார்த்த அதே வேலை. தண்ணீர் பாட்டில் நிரப்ப வேண்டும், தோற்றால் பிள்ளைகள் அழத் தோள் கொடுக்க வேண்டும், ஜெயித்தால் போட்டோவில் ஓரமாக நிற்க வேண்டும்.

அவளுடைய கல்லூரி முதல் வருடத்தில், பெங்களூர் பொம்மசந்திராவில் ஷிப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையோடு இரண்டு பஸ் மாறி மல்லேஸ்வரம் வருவேன். நான் படித்தது பத்தாவது, கத்துவது தேசிய கோச் போல. "ஷாலு, நீயே போடு. ஏன் அவகிட்ட குடுக்கற?" அவள் கூடையில் போடவே மாட்டாள், கொடுத்துக்கொண்டே இருப்பாள். இதற்கு வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம் என்று முடிவு செய்து, அவளை ஆட்டத்திலிருந்து நிறுத்தப்போவதாகச் சொல்ல வந்தேன். பெரிய கோச்சிடம் போகப் பயம். அதனால் உங்களிடம்.

முழுவதும் கேட்டுவிட்டு ஒரு நோட்டையும் பென்சிலையும் நீட்டினீர்கள்.

"ஷாலினி அப்பா, மூணு மேட்ச் மட்டும் ஒரு ஹெல்ப் பண்ணுங்க. கூடை விழுந்தா போட்டவ பேரு வேணாம். அவளுக்குப் பந்து குடுத்தது யாரோ, அந்தப் பேருக்கு நேரா ஒரு கோடு."

"எனக்கு எதுக்கு மேடம் இந்த வேலை?"

"கைக்கு வேலை இருந்தா வாய் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கும் சார். ரெஃப்ரி என்னைத்தான் திட்றாரு."

மூன்றாவது ஆட்டத்தில் ஷாலினியின் கோடுகள் வரி கொள்ளாமல் அடுத்த வரிக்கு இறங்கின. நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவளை நிறுத்துவதைப் பற்றி நான் பேசவில்லை. "நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றீர்கள்.

அவள் கடைசி வருடத்தில் பெரிய கோச் விலகினார். பெற்றோர் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் இங்கிலீஷில் பேசினார்: வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவரப்போகிறோம், யாருக்காவது வேறு யோசனை உண்டா? பன்னிரண்டு வருடம் துணையாகவே இருந்த நீங்கள், பந்துப் பையோடு கதவோரம் நின்றீர்கள். என் வாயில் ஒரு வரி தயாராக இருந்தது. அதை இங்கிலீஷில் எப்படித் தொடங்குவது என்று நான் தேடி முடிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. வாசலில் முதல்வர் என்னிடம், "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார், நல்ல தமிழில்.

மறுநாளும் நீங்கள் டேப் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். "என்ன சார், இன்னிக்கு சத்தத்தையே காணோம்?" என்றீர்கள். தொண்டை சரியில்லை என்றேன்.

அந்த வருடமே உங்கள் அடக்கத்துக்கு, உங்கள் ஊரான கோலார் தங்கவயல் வரை வந்தோம். பன்னிரண்டு வருடத்துப் பிள்ளைகளும் பழைய ஜெர்சியில் வந்திருந்தார்கள். புதிதாக வந்த கோச்சுகூட ஓரமாக நின்று அழுதார்.

இப்போதும் ஆட்டத்துக்குக் கிளம்பும்போது, "அப்பா, நோட்டு எடுத்தியா? கத்தாம எழுது" என்பாள் ஷாலினி. எடுத்துக்கொள்கிறேன். பெஞ்சில் இருப்பவள் பெயருக்குக் கோடு போட முடியாது. ஆனாலும் பார்வை முதலில் அங்கேதான் போகிறது. அதை எனக்குப் பழக்கியது நீங்கள்.

தேவையில்லாத இடத்திலெல்லாம் கத்திய இந்த வாய், அன்று சொல்லாமல் விழுங்கியது ஐந்தே வார்த்தை:

"சார், எங்களுக்கு இந்த மேடமே போதும்."