பால்கனியில் இருபத்து நான்கு பேர்

நல்லூர், திருப்பூர்
6.5.2004

அன்பு மகன் முனீசுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி அபிராமி எழுதுவது. இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கத்தார் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் பனியன் கம்பெனி செக்கிங் வேலைக்குக் கிளம்புகிறேன். ஷிப்மென்ட் நெருக்கடி, பதினைந்து நாளாக ஓவர்டைம், உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அப்பாவுக்கும் சாயப்பட்டறையில் அப்படித்தான்.

போன மாதம் போனில், கட்டட வேலை பார்க்கிறவன் ஆயிற்றே என்று உன்னிடம் நம் வீட்டுப் பால்கனியைப் பற்றிக் கேட்டபோது, ஒழுங்காகக் கட்டியிருந்தால் சதுர மீட்டருக்கு முந்நூறு கிலோ தாங்கும் என்றாய் அல்லவா. துணிக்கு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று ஜிஎஸ்எம் பார்ப்பது மாதிரிதான் என்று எனக்கும் புரிந்தது. தங்கச்சி டேப்பை வைத்து அளந்தாள், நாலு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஆயிரத்து இருநூறு கிலோ, ஆளுக்கு ஐம்பது என்று வகுத்து, காலண்டர் அட்டையில் இருபத்து நான்கு பேர் என்று எழுதி மாட்டிவிட்டாள். அதுவரை ஐந்தாறு பேருக்கு மேல் யாரும் நின்றதில்லை. அட்டையைப் பார்த்ததும் எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் சப்பரம் பார்க்க அக்கம்பக்கத்தார் வரிசையாக வந்தார்கள், இவள் கதவில் நின்று எண்ணி எண்ணி விட்டாள், இருபத்திரண்டு பேர். வீட்டுக்காரர் நாச்சிமுத்து தன் கம்பெனி வேஸ்ட் துணியை ஒன்பது மூட்டை அங்கேதான் போட்டிருந்தார், முந்தின நாள் மழையில் ஊறி ஒவ்வொன்றும் அறுபது கிலோ இருக்கும். அதை நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. துணியில் ஒரு வட்டம் வெட்டி எடை போட்டால் ரோல் முழுவதற்கும் அதே எடை என்று வைத்துக்கொள்வோம், ஆட்கள் அப்படி நிற்பார்களா, சப்பரம் திரும்பியதும் மொத்தப் பேரும் கம்பி ஓரத்துக்குப் போய்விட்டார்கள். சுவரோடு சேருகிற இடத்தில் ஒரு சத்தம், சாமி புண்ணியத்தில் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். இப்போது அங்கே விரல் நுழைகிற வெடிப்பு.

நாச்சிமுத்துவிடம் சொன்னால், ஏனுங்க, இருபத்து நாலுன்னு உங்க புள்ளதானுங்க எழுதுச்சு, ரெண்டு பேரு கம்மியாத்தானுங்க நின்னாங்க, பூச்சு வெடிச்சதுக்குப் போய் இப்படிப் பயப்படறீங்களே என்கிறார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவர் பேத்திக்குக் காதுகுத்து, சொந்தக்காரர்களை அங்கே நிறுத்தி வீடியோ எடுக்க வேண்டுமாம். பால்கனிக்கு நம் வீடு வழியாகத்தான் வழி. கதவுக்குக் குறுக்கே பீரோவை இழுத்து வைத்துவிட்டோம். திறக்காவிட்டால் வீட்டைக் காலி பண்ணுங்க என்று சொல்லிவிட்டார். அப்பா, விடு கருத்தம்மா, வேற ஊடு பார்த்துக்கலாம் என்று பிழைக்க வந்த இந்த ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். நான் மட்டும் பீரோவை நகர்த்த மாட்டேன். இவள்தான் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வகுத்தது சரிதானேம்மா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உன் மேல் தப்பில்லை என்று இவளுக்கு நீ ஒரு வரி எழுது, நான் சொன்னால் நம்பவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, மோர் நிறையக் குடி. நீ ஏறுகிற சாரத்தில் இத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிப் போட்டிருந்தாலும், சிமெண்ட் மூட்டையையும் சேர்த்துத்தான் எழுதினார்களா என்று கேட்டுவிட்டு ஏறு சாமி. மேஸ்திரி திட்டினால் திட்டட்டும். அந்த மாரியம்மன் உன் கூடவே நிற்பாள்.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
கருத்தம்மா