ரயிலுக்காக நின்ற இடம்

செவ்வாய்

மாலை 6.42க்குச் செய்தி வந்தது. போன மாதம் இறந்துபோன என் மனைவி தர்சி எழுதி, மெட்டமைத்துப் பாடிய பாட்டை யூடியூபிலிருந்து நீக்கிவிட்டார்கள். கனடாவில் ஒரு பாடகி போன வருடம் பாடியதுதான் மூலமாம். தர்சியுடையது நகலாம்.

உடனே தர்சியின் தம்பி சுதன் அழைத்தான்.

"அத்தான், நாளைக்கு அக்கான்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலை அந்தப் பாட்டைப் போட வேண்டாம். ஆரோ பாடினதைத் தங்கடை எண்டு போடினம் எண்டு சனம் கதைக்கும்."

"அவள் பாடேக்கை பக்கத்திலை இருந்து பிளேன்ரீ குடிச்சது நீதானேடா?"

"எனக்குத் தெரியும். சனத்துக்கு?"

போனை வைத்துவிட்டேன். கனடாக்காரியின் பாட்டை முதல்முறையாக முழுவதும் கேட்டேன். இரண்டாம் சரணத்தின் நடுவில் அவளும் நிறுத்துகிறாள். என்ன அழகான மௌனம் என்று கேட்டவர்கள் கீழே எழுதியிருக்கிறார்கள்.

தர்சியின் பதிவில் அது எங்கள் கொக்குவில் வீட்டுக்குப் பின்னால் ரயில் போன நேரம். தர்சி பாட்டை நிறுத்திவிட்டாள். ரயிலை வெட்டி, ஒரு மூச்சு இடைவெளியை மட்டும் விட்டது நான். ஒலிப்பதிவுதான் என் தொழில். எங்கள் ரயிலுக்காக அவள் ஏன் நிற்கிறாள்?

வெட்டாத பதிவைத் தேடிப் போட்டேன். ரயில் இரைகிறது. தர்சி சிரிக்கிறாள். "இஞ்சை, பொறுங்கோ. கோச்சி பெரியாள், முதல் அவர் பாடி முடிக்கட்டும்."

எனக்கு அழுகை வரவில்லை. நாளை இதைத்தான் போடுவேன், ரயிலோடும் சிரிப்போடும். கதைக்கிற சனம் கதைக்கட்டும்.

சுதன் திரும்பத் திரும்ப அழைக்கிறான். போனை அணைத்துவிட்டேன்.