வெள்ளித்தாள் சுற்றிய ஃபியூஸ்

தூத்துக்குடி,
12 ஜூலை 1978

பம்பாயில் இருக்கும் இனிகோவுக்கு,

எபனேசர் எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் நானும் கிரேசியும் சுகம். உன் சுகத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அதனால் நானே கேட்கிறேன். வலது கை எப்படி இருக்கிறது? ஸ்க்ரூ டிரைவரை இறுக்கிப் பிடிக்க முடிகிறதா?

இரண்டு வருஷத்துக்குப் பிறகு கடிதம் போட்டிருக்கிறாய், அதுவும் நாலே வரி. டாக்ஸிக்காரர் ஒருவர் கேசட் செட்டும் தனி ஆம்பிளிஃபையரும் மாட்டச் சொல்கிறார், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடலாம் என்று என்னிடம் கேட்கிறாய். அடப்பாவி, அந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே! நாம் இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய ரிப்பேர் கொட்டகையில் உட்கார்ந்துதான் உன் கடிதத்தைப் படித்தேன். உனக்குத் தெரியாமல் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இருந்தாலும் கேட்டுவிட்டாய், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வாட்டை வோல்ட்டால் வகு. அறுபது வாட் ஆம்பிளிஃபையர் என்றால் கார் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டால் வகுத்து ஐந்து ஆம்பியர். சத்தத்தைக் கூட்டும்போது இன்னும் கொஞ்சம் இழுக்கும், அதனால் ஏழரை போடு. செட்டுக்குத் தனியாக இரண்டு போதும். ஆம்பிளிஃபையருக்கு பேட்டரியிலிருந்தே வேறு வயர் இழுத்து, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே ஃபியூஸை வைத்துவிடு. வயர் பத்து ஆம்பியராவது தாங்க வேண்டும். மெல்லிய வயர்தான் கிடைத்தது என்றால் ஃபியூஸையும் குறைத்துவிடு. ஃபியூஸ் செட்டைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்றத்தான் என்று நீ என்னிடம் எத்தனை தரம் கத்தியிருப்பாய். "பெரிசாப் போட்டா ஃபியூஸு போவாதுலே, காரு போயிரும்" என்பாய். நான் சிரிப்பேன்.

இனி, நீ கேட்காமல் கேட்டதற்கு வருகிறேன்.

லாரி முதலாளி வேதமணி அண்ணாச்சி மகள் ஜெயசெல்வி கல்யாணத்துக்கு அவருடைய அம்பாசிடர் காரில் சிங்கப்பூர் கேசட் செட்டை மாட்டினோமே, அந்த வாரத்திலேயே மூன்று தரம் ஃபியூஸ் போயிற்று. வயர் எங்கேயோ பாடியில் உரசுகிறது, பின் சீட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னாய். நான்தான் பிறகு பார்க்கலாம் என்றேன். கல்யாணத்தன்று காலையில் நீ குளித்து உடுப்பு மாற்ற திரேஸ்புரத்தில் உன் வீட்டுக்குப் போயிருந்தாய். மறுபடியும் ஃபியூஸ் போயிற்று. கையில் வேறு ஃபியூஸ் இல்லை. அண்ணாச்சி வாசலில் நின்று, "பாட்டு இல்லாமலா எம் மவ பாளையங்கோட்டைக்குப் போவா?" என்று சத்தம் போடுகிறார். என் பேன்ட் பையில் சிகரெட் பெட்டி இருந்தது. உள்ளே இருந்த வெள்ளித்தாளைக் கிழித்து, போன ஃபியூஸ் மேலேயே சுற்றி மாட்டிவிட்டேன். பாட்டு வந்தது. நீ வந்து கேட்டபோது, புதுசு போட்டாச்சு என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அதை நம்பித்தான் நீ முன் சீட்டில் ஏறினாய். பின்னால் வந்த வேனில் நான். பாளையங்கோட்டை ரோட்டில் நம் பக்கத்துப் புதுக்கோட்டை தாண்டியதும் உங்கள் காரிலிருந்து புகை வந்ததைப் பார்த்தேன். நீ ஜெயசெல்வியை இழுத்து வெளியே விட்டுவிட்டு, எரிந்துகொண்டிருந்த வயரை வெறும் கையால் பிடுங்கிப் போட்டாய். அவளுடைய வெள்ளைப் புடவையின் ஓரம் மட்டும் கருகியது. உன் கைதான் வெந்துபோயிற்று. அண்ணாச்சி அந்தக் கையைப் பார்க்கவில்லை, ஃபியூஸில் சுற்றியிருந்த வெள்ளித்தாளைத்தான் பார்த்தார். "ஏலே, நீ ஊதுறது பத்தாதுன்னு எம் பிள்ளையையும் கொளுத்தப் பாத்தியோ?" என்று அத்தனை பேர் முன்னால் உன்னை அறைந்தார்.

நீ குடிப்பது பீடி. பீடிக்கட்டில் வெள்ளித்தாள் ஏது? கோபத்தில் அங்கே யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. உனக்கும் தோன்றியிருக்கும், நீ என்னை ஒரு தரம் பார்த்தாயே. நான் குனிந்துகொண்டேன்.

ஏன் என்று கேட்பாய். அப்போது கிரேசி வீட்டில் எங்கள் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று அப்பா உறுதி சொல்லியிருந்தார். நாசரேத் சபையில் இருபது வருஷம் உபதேசியாராக இருந்தவர் மகன் ஒளிந்து ஒளிந்து சிகரெட் குடிக்கிறான் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். இந்த அற்பக் காரணத்துக்காக உன் பிழைப்பைக் கெடுத்தேன். ஊரில் ஒருவரும் உனக்கு வண்டி கொடுக்கவில்லை. நீ ரயிலேறிய மறு வாரம் கொட்டகை போர்டில் உன் பெயரை அழித்துப் பெயின்ட் அடித்தேன். மழைக்கு அந்தப் பெயின்ட் உரிந்து உன் பெயர் லேசாகத் தெரியும். நான் திரும்பவும் அடிப்பேன். வெட்கம்கெட்டவன் நான், வேறு என்ன சொல்ல.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலிலேயே அண்ணாச்சியை நிறுத்திச் சொல்லிவிட்டேன். உன்னைப் பலர் முன்னால் அடித்தார், அதனால் நானும் பலர் முன்னால்தான் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "எம் மவளக் காப்பாத்தின பயலயா நான் கை நீட்டுனேன்?" என்று அதையே இரண்டு தரம் கேட்டார். இனி அவருடைய லாரிகள் நம் கொட்டகைக்கு வராது. கிரேசி இன்று வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு மட்டும் வைக்கிறாள்.

அன்று சாயங்காலம் திரேஸ்புரம் போனேன். இந்த இரண்டு வருஷமும் சனிக்கிழமை தவறாமல் உன் அம்மா எங்களுக்கு மீன் கொடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். சாளையோ ஊளியோ, எது கிடைக்கிறதோ அது. ஒன்றும் தெரியாமல்தான் அனுப்புகிறாள் என்று நினைத்து நானும் தின்றேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "தெரியும்லே. ரயிலு ஏறும்போதே சொல்லிட்டுத்தான் போனான். எபனேசரு தன்னால வந்து சொல்லுவான், அது வரைக்கும் நீ கேக்கக் கூடாது, மீனையும் நிறுத்தக் கூடாதுன்னான்."

இனிகோ, அதற்குப் பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மாதா கோயில் கொடியேற்றம் இருபத்தாறாம் தேதி. உன் அம்மா உன்னை எதிர்பார்க்கிறாள், வாய் திறந்து சொல்ல மாட்டாள். போர்டைச் சுரண்டிவிட்டேன், உன் பெயர் அப்படியே இருக்கிறது. வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. பஞ்சில் சுற்றி ஒரு ஏழரை ஆம்பியர் ஃபியூஸ் இதோடு வைத்திருக்கிறேன். புதுசு. இந்தத் தரம் நிஜமாகவே புதுசு, என்னை நம்பி மாட்டு.

உன் கைக்கு ஆண்டவர் சுகம் தரட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்,
எபனேசர்