மூன்று நாற்காலிகள்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை அம்மாவுக்குத் தெரியாமல் தூக்கிப் போடாதீர்கள். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

நேற்று எங்கள் பள்ளிக்கு ஆய்வு அதிகாரி வந்தார். தலைமையாசிரியர் நிரப்பியிருந்த படிவத்தில் இருநூறு பிள்ளைகளுக்கு மூன்று ஆசிரியர்கள். அதிகாரி கணக்கு டீச்சரைக் கூப்பிட்டார், போனேன். அறிவியல் டீச்சர் யார் என்றார், நான்தான் என்றேன். விளையாட்டு டீச்சர் எங்கே என்றார், கழுத்தில் தொங்கிய விசிலைக் காட்டினேன்.

"மூணு வகுப்புக்கும் ஒரே நேரத்துல எப்படி சார் போறது?" என்று கேட்டேன்.

"கோவப்படாதீங்கம்மா, படிவத்துல எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று டிக் போட்டார். நூறு பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வராத ஒரே கழிப்பறை. அதற்கும் ஒரு டிக். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேச்சுத் துணைக்கு நம் பழைய ரேடியோவை அனுப்பிவையுங்கள். ஆசிரியர் அறையில் மூன்று நாற்காலிகள், மூன்றும் எனக்கே. மணியடிக்க நேரமாகிவிட்டது. அதையும் நான்தான் அடிக்க வேண்டும்.

உங்கள் ஒரே மகள்