நீளக்கை மெஷினின் கால்கள்

3-3-87, செவ்வாய்

காலையிலேயே வெயில். மாசி மாதம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ரா.கோட்டை பஸ்ஸில் நின்றபடியே போனோம், நானும் இவரும்.

மெஷின் பார்த்தாயிற்று. வாங்கியும் ஆயிற்று! பழசுதான். பச்சைப் பெயிண்ட் உரிந்திருக்கிறது, ஒரு கைப்பிடியில் துணி சுற்றியிருக்கிறது. ஆனால் அந்தக் கை! சாதாரணத் தையல் மெஷினுக்கு ஒரு முழம்கூட வராது. இதற்கு என் இரண்டு கை நீளம். பஞ்சுப் போர்வையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிவிட்டு, நின்றுகொண்டே மெஷினைப் பிடித்து அதன் மேல் ஓட்ட வேண்டியது. போர்வையை மடியில் போட்டு மல்லாட வேண்டாம்.

விற்றவர் ஒரு கன்னடக்கார அம்மா. தோள்பட்டை போய்விட்டதாம். "நோடம்மா (பாரம்மா), தள்ளாதே. அது கூடவே நட" என்றார். நான் ஓட்டிய முதல் வரிசை கோணல். சிரித்தார். லாரியில் ஏற்றும்போது முந்தானையால் மெஷினை ஒருமுறை துடைத்துவிட்டு உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை.

பா.கோடு டவுனில் வாடகைக்குப் பேசியிருக்கும் அறைக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை. அதுவரை மெஷின் இங்கே, முன்கூடத்தில். இது இவருடைய அண்ணன் (பெரியவர்) வீடு. கல்யாணமானதிலிருந்து எங்களுக்குப் பின்னறை. அடுத்த வாரம் எங்கள் கதவு, எங்கள் சாவி. எழுதவே பயமாக இருக்கிறது.

பெரியவர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேசையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

மெஷின் எண்ணெய், பெரிய நூல்கண்டு வாங்க வேண்டும். ரீட்டா அக்காவுக்கு வளையல். (கேட்டாள். பெரியவர் சம்சாரம் கேட்டு நான் மறுக்க முடியுமா.)

4-3, சாம்பல் புதன்

காலையில் சர்ச் பூசைக்குப் போய், நெற்றியில் சாம்பல் வாங்கித் திரும்பினேன். முன்கூடத்தில் கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தரையில் குழி தோண்டி, மெஷின் மேசையின் நான்கு இரும்புக் கால்களையும் இறக்கி, சுற்றிலும் சிமெண்ட். பக்கத்தில் இவர், கையில் வாளியோடு.

பெரியவருக்கு ஒரே சந்தோஷம். "ஆடுச்சும்மா. அதான் ஆழமா எறக்கிட்டேன். இனிமே அசையாது."

"அடுத்த வாரம் எடுத்துக்கிட்டுப் போவணுங்களே, மாமா?"

"எங்க போறது? அவன் ராத்திரி ஷிப்ட்டுக்குப் போனா டவுன்ல நீ தனியாவா கெடப்ப? வூடு இருக்குது, நாங்க இருக்கறோம். இங்கயே தைம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பாசமாகச் சொன்னார். இவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நெற்றியில் சாம்பலோடு நின்றேன். சிமெண்ட் ஈரமாகத்தான் இருந்தது. கையாலேயே வாரிப் போட்டிருக்கலாம். போய்ச் சோறு வடித்தேன்.

5-3, வியாழன்

வெயில். இவர் சர்க்கரை ஆலையிலிருந்து வந்ததும் முதல் வேலையாகச் சிமெண்டுக்குத் தண்ணீர் ஊற்றினார். "ஊத்தலைன்னா வெடிச்சிடுமாம்." "வெடிக்கட்டுமே" என்றேன். விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்துச் சிரித்தார்.

பின்னறையில் காற்றே இல்லை. முன்பு இவ்வளவு சின்ன அறையாக இருந்ததா?

7-3, சனி

பெரியவர் தர்மபுரியில் ஒரு ஹாஸ்டலுக்குப் போர்வை ஆர்டர் பிடித்து வந்திருக்கிறார். தன் பேரில். பஞ்சு மூட்டையும் வந்து இறங்கிவிட்டது. "திங்கக்கெழம ஆரம்பிச்சிடும்மா."

"தைக்க மாட்டேங்க, மாமா."

"ஏன், ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கறேன். காலை எடுத்துக் குடுங்க, தைக்கறேன்."

இந்த வீட்டில் நான் மாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. கோழி ஒன்று பஞ்சு மூட்டை மேல் ஏறியது, அதைக்கூட யாரும் விரட்டவில்லை.

பிறகு இவர், மெதுவாக: "அண்ணனை எதுத்துப் பேசிட்டியே."

"நீங்க பேசியிருந்தா நான் பேசியிருக்க மாட்டேன்."

சாப்பிடாமலே ஷிப்ட்டுக்குப் போய்விட்டார்.

8-3, ஞாயிறு

பூசை முடிந்து வாசலில் அந்த வாடகை அறைக்குச் சொந்தக்காரர் பிடித்துக்கொண்டார். வெள்ளையடித்தாயிற்றாம். "வேற ஒருத்தரு கேக்கறாருங்க. புதனுக்குள்ள வந்துடுங்க, இல்லன்னா குடுத்துடுவேன்." வருகிறேன் என்றேன். எதை வைத்துச் சொன்னேன்?

தலைவலி. மிளகாய் காயப்போட்டது. பெரியவர் என்னைப் பார்க்காமல் என்னோடு பேசுகிறார்: "அந்தத் தண்ணியக் கொண்டாரச் சொல்லு."

10-3, செவ்வாய்

கை எரிகிறது. எழுத்து கோணல்.

பெரியவர் தக்காளிக் கூடைகளோடு பா.கோடு மார்க்கெட்டுக்குப் போனார். மதியம்தான் வருவார். இவர் ஆலையில். உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யோசித்திருந்தால் உட்கார்ந்திருக்க மாட்டேன். கல் மாதிரி இறுகிப் போயிருந்தது. முதல் கால் வெளியே வரும்போதே உள்ளங்கை கொப்புளம்.

தலை நிமிர்ந்தால் ரீட்டா அக்கா. எவ்வளவு நேரமாக நின்றாளோ. கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். உரலை நடுவில் உருட்டி வந்து, உலக்கையை எடுத்து வெறும் உரலில் இடிக்க ஆரம்பித்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"தெருவுல சத்தம் கேக்குதில்ல. மாவு இடிக்கறேன்னு நெனச்சுக்கட்டும். நீ ஒடை."

நான் ஓர் அடி, அவள் ஓர் இடி. இரண்டாவது கால் வந்தது. மூன்றாவது வரும்போது ரத்தம். அக்கா தன் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

கதவு தட்டும் சத்தம். பெரியவர் சீக்கிரமே வந்துவிட்டார். அக்காதான் திறந்தாள், உலக்கையோடு. அவர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெறும் உரலைப் பார்த்தார்.

"நீயுமா, ரீட்டா?"

அக்கா உலக்கையைக் கீழே வைக்கவில்லை.

"இன்னும் ஒரு கால் பாக்கி இருக்குதுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, செதறும்."

தள்ளி நின்றார்.